‘ஹால்’ என்று எழுதியிருந்தது

முஹர்ரக்கில் மீன் சந்தைக்குப் பின்தெரு,
மூன்றாம் மாடி,
ஆகஸ்ட், பகல் இரண்டு மணி.
வாஷிங் மிஷின் பிளக் பாயிண்ட் உருகிச்
சுவரில் கரி ஒரு சாண் ஏறியிருந்தது.

மெயினை இறக்கப்போகிறேன் என்றதும்
அமலோற்பவம் கேட்டாள்: எவ்வளவு நேரம்?
இந்த ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.
ஏசி நின்றால் வெயில்
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வரும்.
இரவு ஷிப்ட் முடித்த கணவர் உறங்குகிறார்,
ஃப்ரீசரில் இரண்டு கிலோ ஷேரி மீன்.
அரை மணி என்றேன்.
எப்போதும் அரை மணி என்றுதான் சொல்வேன்.

டிபி பெட்டிக் கதவின் உட்புறம்
யாரோ பென்சிலால் எழுதிய பெயர்கள்:
ஹால், பெட்ரூம், கிச்சன்.
எழுதியவன் விசா முடிந்து போயிருப்பான்.
அதன்பின் ஹாலின் நடுவே பலகை அடித்து
அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிட்டார்கள்.
பென்சிலுக்கு அது தெரியாது.

ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியில் மெயின்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறி அடங்கியது.
பிரேக்கரின் கழுத்தில் சிவப்புப் பூட்டு,
சாவி என் சட்டைப்பையில்.

‘வீட்டுக்குள்ள யாரு வந்து போடப்போறா,
இதுக்குமா பூட்டு?’

இடதுகைச் சுண்டுவிரலைக் காட்டினேன். மடங்காது.
சித்ராவில் ஒரு கிடங்கில்
டீ போட நினைத்த ஒருவன் மெயினை ஏற்றினான்.
நல்லவன். எனக்கும் சேர்த்துத்தான்
தண்ணீர் வைத்திருந்தான்.

டெஸ்டரை முதலில் வராந்தாவின் பொதுப் பாயிண்டில் வைத்தேன்.
எரிந்தது; பொய் சொல்லவில்லை.
பிறகு உருகிய பாயிண்டில்.
எரிந்தது.

எல்லாம் இறங்கியிருக்கிறது, பூட்டு தொங்குகிறது,
ஃபேன் நின்றிருக்கிறது,
இருந்தும் எரிந்தது.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
வயர் ஒன்று சுவருக்குள்ளேயே வந்திருக்கிறது.

‘அப்ப நாலு வருஷமா
அவங்க கரண்டுலயா நான் துவைச்சேன்?’

பக்கத்துக் கதவைத் தட்டினேன்.
ஷிரின் திறந்தாள், இடுப்பில் பிள்ளை,
பிள்ளையின் மூக்கில் மாஸ்க்,
மாஸ்க்கின் மறுமுனையில் கடகடக்கும் சிறு இயந்திரம்.
காலண்டருக்குப் பின்னால் அவர்களுடைய ஃப்யூஸ் பெட்டி.
மருந்து முடியட்டும் என்று
கையாலேயே சொன்னாள்.

படியில் உட்கார்ந்தேன்.
முன்பென்றால் ரப்பர் செருப்பை நம்பி
உயிருள்ள வயரையே முறுக்கியிருப்பேன்.
அந்த நினைப்பு இப்போதும் வந்தது,
கொசு போல, காதருகே.
அமலோற்பவம் அட்டையால் விசிறியபடி நின்றாள்.
கணவர் லுங்கியோடு எழுந்து வந்து
யாரைத் திட்டுவதென்று தெரியாமல் திரும்பிப் போனார்.
பலகைக்கு அப்பால் இயந்திரம் கடகடத்தது,
பிள்ளையின் மூச்சு அதற்குள் விசில் அடித்தது,
பிறகு விசில் மெலிந்தது.
பதினோரு நிமிடம்.

ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
சாவியோடு மோதிச் சின்னதாய்ச் சத்தமிட்டது.
மீண்டும் டெஸ்டர்: வராந்தாவில் எரிந்தது,
இங்கே துளைக்குத் துளை ஒன்றுமில்லை,
மூடியைக் கழற்றி வயரில் வைத்தும் ஒன்றுமில்லை,
மறுபடி வராந்தாவில் எரிந்தது.
அதன்பிறகுதான் செம்பைத் தொட்டேன்.
உள்ளங்கை வியர்வையைவிடக்
குளிர்ந்திருந்தது.

பிள்ளையோடு ஷிரின் வாசலில் நின்று
முழு வேலையையும் பார்த்தாள்,
என் சட்டைப்பை மேல் ஒரு கண் வைத்து.

அந்த வயரை அந்தப் பக்கத்திலேயே துண்டித்து முனை கட்டினேன்.
கிச்சனிலிருந்து புது லைன்.
அரை மணி, ஒன்றே முக்கால் மணியாகியிருந்தது.
மெயினை ஏற்றியதும் இரண்டு வீட்டு ஏசியும்
ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமின.

கிளம்பும் முன் டிபி கதவில்
‘ஹால்’ மேல் கோடு போட்டேன்.
மார்க்கரோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
அடுத்து வருபவன் நேபாளியாக இருக்கலாம்,
மலையாளியோ பாகிஸ்தானியோ.
எந்த மொழியில் எழுத?
ஒரு பூஜ்யம் போட்டு,
அதற்குள் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.